3,12,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் பிக்கப்: பார்த்து வாங்கியதும் பார்க்காமல் விட்டதும்

பின்னணி

வாங்கியவர் பம்பு, ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களைக் கழற்றி எடுத்துவந்து, பழுது நீக்கி, திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்தும் தொழில் செய்கிறவர். வாடகை வண்டியை நம்பி வேலை தள்ளிப்போவது அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. புது வண்டிக்குக் கடன் வாங்க மனமில்லை. கையில் இருந்த பணத்துக்கு, நன்றாக ஓடித் தேய்ந்த பிக்கப்தான் கிடைக்கும் என்பது தெரிந்தே இறங்கினார். பல ஆண்டுகளாகத் தெரிந்தவர்களுக்காகப் பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்லி வருகிறேன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

தேட ஆரம்பிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டோம். மொத்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்கை வண்டி விலையில் சேர்ப்பதில்லை. அது வாங்கியபின் செய்யும் வேலைக்கு. இதை அவர் ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டார். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, இந்த முழு விஷயத்திலும் நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான்.

ஒதுக்கிய வண்டி

முதலில் பார்த்த பிக்கப்பின் ஓடோமீட்டர் 1,40,000 காட்டியது. பெயின்ட் பளபளத்தது. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு ஓரத்தில் இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. ஸ்கேனரை மாட்டினோம். இந்த மாடலில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் கணினியில் பதிவாகும். 6,900 மணி என்று வந்தது. 1,40,000-ஐ 6,900-ஆல் வகுத்தால் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் சராசரி. ஒன்று, அந்த வண்டி ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓட நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டரில் கை வைத்திருக்க வேண்டும். எது உண்மை என்று ஆராயவில்லை. இரண்டுமே எங்களுக்கு வேண்டாதவை.

இரண்டாவது வண்டிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணமானது. நான்கு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் பிரியும் காமன் ரெயில் வகை. ஓடோமீட்டரில் 3,12,000. இன்ஜின் ஓடியது 6,140 மணி. சராசரி மணிக்கு 51 கிலோமீட்டர் வருகிறது. அதாவது பெரும்பாலும் நீண்ட சாலையில் ஓடிய வண்டி. ஒரே சூட்டில் மணிக்கணக்கில் ஓடும் டீசல் இன்ஜின், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று குளிர்ந்து மறுபடி கிளம்பும் இன்ஜினைவிட மெதுவாகவே தேயும். விற்றவர் இரண்டாவது உரிமையாளர். ஒரு தடித்த கோப்பு நிறைய பில்களை வைத்திருந்தார். பிஸ்டனுக்கு ஒத்தபடி வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் 1,43,000-இலும் 2,87,000-இலும் மாற்றப்பட்டிருந்தது. இது சின்ன விஷயமில்லை. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே இடமே இருக்காது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

முதல் நாள் கவனித்தது

நாங்கள் போனபோது பானெட் கதகதப்பாக இருந்தது. விற்றவர் எங்களுக்காக வண்டியைக் கழுவி, ஒரு சுற்று ஓட்டி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று நம்புகிறேன். ஆனாலும் சூடான டீசல் இன்ஜின் தன் குறைகளைப் பெரும்பாலும் மறைத்துவிடும். அதனால் அன்று இன்ஜினைப் பற்றி எதுவும் முடிவு செய்யவில்லை.

மற்றதைப் பார்த்தோம். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பு. டீசலில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அதில் படிக்க ஒன்றுமில்லை. பால் கலந்த காப்பி நிறம் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்; அந்த நிறம் வந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசைத்தேன். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருந்தது. ஆயில் படலத்தில் மிதக்கும் ஷாஃப்டுக்கு அது இயல்பு. முன்னும் பின்னும் அசைவே இல்லை. அந்த அசைவுதான் ஆபத்து. கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்தோம். இரண்டும் ஒன்றாக இருந்தன. அளவுக்கு மீறி லோடு ஏற்றிய பிக்கப்பில் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தொய்ந்து, இந்த இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஆகிவிடும். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை எதுவும் சேர்த்திருக்கவில்லை.

சேசிஸின் அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு அடிக்கப்பட்டிருந்தது. ஒரு சின்னச் சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்ற சத்தம். பின் அச்சுக்கு மேலே ஓர் இடத்தில் ஸ்டெப்னி மறைத்தது. அதைச் சுற்றித் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

குளிர்ந்த இன்ஜின்

மறுநாள் காலை, வண்டியைத் தொடாமல் வைக்கும்படி கேட்டுக்கொண்டு போனோம். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. ரேடியேட்டர் ஹோஸைப் பிசைந்தேன், மென்மையாக இருந்தது. இரவெல்லாம் நின்ற பிறகும் ஹோஸ் விறைப்பாக இருந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக அழுத்தம் கூலன்ட்டுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

செல்ஃப் போட்டதும் இரண்டு விநாடியில் ஸ்டார்ட் ஆனது. சைலன்சரில் இருபது விநாடி போல வெள்ளைப் புகை, டீசல் நெடியோடு. பிறகு தெளிந்துவிட்டது. ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகை இல்லை. ஆனால் பானெட்டுக்குக் கீழே மெல்லிய ‘சிக், சிக், சிக்’ என்ற சத்தம் சீராகக் கேட்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக வாயின் மேல் வைத்தேன். மூடி தடதடவென ஆடி, ஓரமாக நகர்ந்து கீழே விழுந்தது. உள்ளிருந்து காற்று துடிதுடித்து வெளியே தள்ளியது. இன்ஜின் சூடேறியபின் துடிப்பு பாதியாகக் குறைந்தது. ‘சிக்’ சத்தமும் அமுங்கிவிட்டது.

கூட வந்த மெக்கானிக் அனுபவசாலி. பார்த்த உடனே, “ரிங் போச்சு தம்பி. இன்ஜினைப் பிரிக்காம வேலை ஆகாது” என்றார். எரியும் வாயு கீழே இறங்காமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையத்தைத்தான் ரிங் என்றார். வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். “என்ன அண்ணா, விட்டுடலாமா?”

ஒரு நாள் அவகாசம் கேட்டு, கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ரிங்கா, வாஷரா

அன்றிரவு பில்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். முதல் உரிமையாளர் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தார். வண்டி கை மாறியபின் இடைவெளி 15,000, 18,000 என்று நீண்டு, ஒருமுறை 22,000 ஆகியிருந்தது. இடையில் 2,46,000-இல் ஒரு பில். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதற்கான கூலி எழுதியிருந்தது. அந்தப் பில்லை மூன்று முறை படித்தேன். ஃபில்டர் இருந்தது, ஹோஸ் கிளிப் இருந்தது. செப்பு வாஷர் என்ற வரி இல்லை.

இன்ஜெக்டரின் அடியில், அது சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில், ஒரு செப்பு வாஷர் இருக்கும். எரியும் வாயு மேலே ஏறாமல் அடைப்பது அதன் வேலை. ஒருமுறை அழுந்திய வாஷர் அதே வடிவத்தில் உறைந்துவிடும். கழற்றினால் புதிது போட வேண்டும். பழையதையே போட்டால் உடனே ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்லக் கசியும். இந்த இன்ஜினில் இன்ஜெக்டர்களின் மேற்பகுதி, இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவருக்குள் இருக்கிறது. ஆகவே கசியும் வாயு வெளியே வராமல், டேப்பெட் கவருக்குள் நுழைந்து, அங்கிருந்து இன்ஜினுக்குள் பரவும். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கிறவருக்கு, ரிங் தேய்ந்த இன்ஜினில் வரும் காற்றுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

சூடேறியதும் துடிப்பு குறைந்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிங் தேய்ந்த இன்ஜினிலும் பிஸ்டன் விரிந்து கொஞ்சம் குறையும். நீலப் புகை இல்லாததும், ஆயில் மாற்றங்களுக்கு இடையே ஆயில் வாங்கிய பில் ஒன்றுகூட இல்லாததும்தான் என்னை யோசிக்க வைத்தன. மூடியைத் தள்ளும் அளவுக்கு ரிங் போன இன்ஜின் ஆயில் குடிக்காமல் இருப்பது அரிது.

விற்றவரிடம் நேராகவே சொன்னோம்: ஒரு பட்டறையில் அரை நாள் வண்டியை வைத்துச் சோதிக்க வேண்டும், கூலியும் கேஸ்கெட்டும் எங்கள் செலவு, வாங்காவிட்டாலும் திருப்பிக் கேட்க மாட்டோம். அவர் சம்மதித்தார். மறைக்க நினைப்பவர் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார் என்பது அவர்மேல் எனக்கிருந்த மரியாதையைக் கூட்டியது.

பட்டறையில் முதலில் டீசலை வெட்டிவிட்டு, செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட்டைக் கிளாம்ப் மாட்டி அளந்தோம். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நெருக்கும்போது மோட்டார் திணறி அதிகக் கரன்ட் இழுக்கும். திரையில் ஒரு முகடு எழும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரின் முகடு தாழ்ந்து நிற்கும். நான்கு முகடும் ஒரே உயரத்தில் வந்தன. நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் வரும் என்று மெக்கானிக் சொன்னார். நியாயமான பேச்சு. அதனால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி அளந்தோம். மாடலின் கைப்புத்தகம் சொல்லும் வரம்புக்குள் நன்றாகவே இருந்தது. வாஷர் கசிந்தால் இந்தச் சோதனையில் தெரியாதா என்ற கேள்வி வரும். செல்ஃப் சுற்றும்போது சிலிண்டரில் ஏறும் அழுத்தம் 30 பார் அளவில்தான். டீசல் எரியும்போது அது 100 பாரைத் தாண்டும். மெல்லிய கசிவு எரியும்போதுதான் பெரிதாகும்.

பிறகு டேப்பெட் கவரைக் கழற்றினோம். மூன்றாவது இன்ஜெக்டரின் கழுத்தைச் சுற்றித் தார் ஊற்றியது போலக் கருங்கட்டி. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொடியாகாமல் பிசின் போலச் சுருண்டு வந்தது. இரண்டாவதிலும் அதன் தொடக்கம் தெரிந்தது. மற்ற இரண்டும் சுத்தம். மெக்கானிக் டார்ச்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “ரிங் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

நிம்மதியாக இருந்தாலும், அங்கேயே நிறுத்த முடியவில்லை. இந்தக் கரி ஆயிலில் கரைந்து கெட்டியாகி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் ஸ்டிரெய்னரின் வலையில் போய் ஒட்டும். வலை அடைத்தால் பம்புக்கு ஆயில் ஏறாது. முதலில் டர்போ போகும், பிறகு கிராங்க் பேரிங். 22,000 கிலோமீட்டர் ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினில் இது வெறும் பயமில்லை. கவரை மூடி, ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டினோம். சூடான ஐட்லிங்கில் முள் சரியாக நின்றது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு ஏற்றியபோது மேலே போன முள், நடுங்கிக்கொண்டே கீழே இறங்கியது. பம்பு கேட்கும் அளவுக்கு ஆயில் வரவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் ஒரு சின்னப் பாட்டிலை மாட்டி மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டோம். மூன்று பாட்டில்களில் 20 மில்லி அளவில் நின்றது. இரண்டாவதில் 31. அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

பேரமும் முடிவும்

ஒருநாள் யோசித்தோம். வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இருந்தது: ஆயில் குறைவாகப் போன நேரத்தில் பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வாங்கலாம் என்றதற்குக் காரணம், பிரச்சினை எது, எங்கிருந்து வந்தது, எதைச் செய்தால் நிற்கும் என்பது தெரிந்துவிட்டது. சூடான ஐட்லிங்கில் பிரஷர் நன்றாக இருந்ததும் பேரிங் இன்னும் கெடவில்லை என்பதற்கு ஓரளவு சாட்சி.

பட்டறையில் எடுத்த படங்களை விற்றவரிடம் காட்டி, வேலைக்கான மதிப்பீட்டையும் முன்னே வைத்தோம். சொன்ன விலையில் ஏழில் ஒரு பங்கு குறைத்தார். ரிங் போயிற்று என்ற பேச்சை வைத்து இன்னும் அடித்துப் பேசியிருக்கலாம் என்று ஒரு நண்பர் பிறகு சொன்னார். பொய் என்று தெரிந்த ஒன்றைச் சொல்லி விலை குறைக்க வாங்கியவருக்கு மனம் வரவில்லை, அது சரிதான்.

ஒரே நிபந்தனை எங்களுக்குள்: சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் இந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்வதில்லை. வண்டி பட்டறைக்கு இன்னொரு வண்டியின் மேல் ஏறித்தான் போனது.

வாங்கிய பிறகு

சம்ப் இறங்கியது. ஸ்டிரெய்னர் வலையில் பாதிக்கு மேல் கரும்பிசின் மூடியிருந்தது. எஞ்சிய கண்களின் வழியாகத்தான் மொத்த இன்ஜினும் குடித்துக்கொண்டிருந்தது. வலையைச் சுத்தம் செய்யாமல் புதிதே போட்டோம். இன்ஜெக்டர்கள் உட்காரும் இடங்களைச் சமன்படுத்தி, நான்குக்கும் புது வாஷர், புது போல்ட். ஆயிலும் ஃபில்டரும் அன்று ஒருமுறை, 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை, 3,000-இல் ஒருமுறை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டரை அறுத்து, தாளை விரித்துப் பார்த்தோம். முதல் தாளில் கரித்துகள் நிறைய. மூன்றாவதில் அநேகமாக இல்லை. மினுமினுக்கும் உலோகத்தூள் எதிலும் இல்லை. கேஜ் முள் 3,000 சுற்றிலும் அசையாமல் நின்றது. ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்தால் இப்போது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான்காவது மாதம்

3,22,000-இல், லோடு ஏற்றி மேடு பள்ளமான பாதையில் போகும்போது பின்னால் ‘டொக்’ என்று சத்தம் வருவதாக அழைத்தார். பின் ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்டெப்னியை இறக்கியதும் தெரிந்தது. இடது பக்கப் பட்டையின் ஷேக்கிள் தாங்கிக்கு மேலே, சேசிஸின் உட்பக்கத்தில், ஒரு கை அகலத்துக்கு இரும்பு உள்ளிருந்தே அரித்திருந்தது. புதிதாக அடித்த கறுப்புக்குள் ஒரு வெடிப்பு ஓடியது. சுத்தியலால் தட்டினேன். ஈர அட்டையைத் தட்டியது போலச் சத்தம். இன்னொரு தட்டில் முனை உள்ளே இறங்கிவிட்டது.

இந்த வண்டியின் சேசிஸ் பெட்டி போன்ற குழாய். பின் சக்கரம் வாரியடிக்கும் சேறு துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்கும், காயாது. அதனால் வெளியே நன்றாக இருக்கும்போதே உள்ளே அரிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டெப்னியை இறக்கவில்லை. அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜினில் அவ்வளவு கவனம் போனதால், புதுக் கறுப்பு எதை மூடியிருக்கும் என்று கேட்க மறந்துவிட்டேன். இது முழுக்க என் தவறு; அவரிடமும் அப்படியே சொன்னேன்.

லோடு பாடியைத் தூக்கி, பேட்டரியையும் கணினியையும் துண்டித்து, அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, சேசிஸ் வேலை மட்டுமே செய்கிறவரைக் கொண்டு தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பதினொரு நாள் வண்டி இல்லை. இரண்டு வாடிக்கையாளர்களின் வேலை கைவிட்டுப் போனது. தனிக் கணக்கில் இருந்த பணம் இத்துடன் ஏறக்குறைய தீர்ந்தது. அது இல்லாதிருந்தால், அரித்த சேசிஸோடு லோடு ஏற்றிக்கொண்டேதான் ஓட்டியிருப்பார்.

மாற்றிச் செய்யக்கூடியவை

இன்ஜின் சோதனையில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. பில் கோப்பை மட்டும் முதல் நாளே வாங்கிப் படித்திருப்பேன்; ஒரு நடை மிச்சமாகியிருக்கும். சேசிஸ் விஷயத்தில், அடியில் புதுக் கறுப்பைக் கண்டால் இனி ஸ்டெப்னியை இறக்கி, துளைகளுக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்க்காமல் பேச்சைத் தொடர மாட்டேன். விற்றவரிடம் எப்போது, ஏன் அடித்தீர்கள் என்று கேட்டிருக்கவும் வேண்டும். அவருக்கே அரிப்பு தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம், வெறும் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். லோடு வண்டியை லோடோடு ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த ‘டொக்’ அன்றே கேட்டிருக்கலாம்.

இப்போதைய நிலை

வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஓடோமீட்டரில் 3,48,000. ஆயில் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறார். இடையில் ஆயில் ஊற்ற வேண்டி வரவில்லை. சென்ற வாரம் மறுபடி நான்கு பாட்டில்களை மாட்டி அளந்தோம். மூன்றில் 21, 22 மில்லி. இரண்டாவதில் 38. அந்த இன்ஜெக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கூடவே நான்கு செப்பு வாஷரும்.